அப்பா உதறிய கால்

செவ்வாய் இரவு, ஆவடி.

அப்பாவை வார்டில் சேர்த்து, அம்மாவைத் துணைக்கு விட்டுவிட்டு இப்போதுதான் வந்தேன்.

அம்பத்தூரில் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா நல்லெண்ணெயைச் சுடவைத்துக்கொண்டு அவர் காலருகே உட்கார்ந்திருந்தாள். இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கியிருந்தது. அப்பா காலை உதறினார்.

"கையை எடுடி, கூச்சமா கீது!"

"இன்னா மனுசன்யா நீ? பேரன் எடுக்கிற வயசுல கூச்சமாம்!"

ஒரு கால் மட்டும் வீங்கினால் உடனே வரச் சொல்லி ஆஸ்பத்திரியில் எச்சரித்திருந்தார்கள். மைலோமா என்கிற ரத்தப் புற்றுநோய்க்கு அவர் சாப்பிடும் மருந்து ரத்தத்தை உறைய வைக்கலாம். அதைத் தடுக்கத்தான் ஆஸ்பிரினும் கொடுத்திருந்தார்கள். அதைச் சாப்பிடுகிறாரா என்று ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் கேட்டேன்.

"அது ஹார்ட் மாத்திரையாமேடா. எனக்குத்தான் ஹார்ட் நல்லா கீதே. நிறுத்திட்டேன்."

வந்த கோபத்துக்கு வழியிலேயே இறக்கி விட்டிருப்பேன்.

ஸ்கேனில் காலின் ரத்தக்குழாயில் உறைந்த ரத்தக்கட்டி தெரிந்தது. டாக்டர் அம்மாவிடம், "காலைத் தேய்ச்சீங்களா?" என்று கேட்டார்.

"எங்க சார் விட்டாரு? கூச்சம்னு உதைச்சாரு."

"நல்லதாப் போச்சும்மா. தேய்ச்சிருந்தா கட்டி நகர்ந்து நுரையீரலுக்கே போயிருக்கலாம்."

ஊசி போட்டார்கள். சமாளித்துவிடலாம் என்றார்கள். அம்மா அழுதுகொண்டே அந்தக் காலைத் தொட்டுக் கும்பிடப் போனாள்.

"தொடாதேன்னு சொன்னேன்ல!"

அப்பா போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. மற்ற நாளாக இருந்தால் இந்தக் கத்தலுக்குச் சண்டை போட்டிருப்பேன். இன்று காது குளிரக் கேட்டுக்கொண்டு நின்றேன்.