சந்தனம் வைத்த லேப்டாப்

கார்த்திகை மாதம், செவ்வாய் இரவு.

லேப்டாப் இன்று அணையவில்லை. என் மனைவி வசந்தி எடுக்கும் ஆன்லைன் டியூஷன் ஆறு மணியிலிருந்து ஏழரை வரை முழுசாக நடந்தது.

ஒரு மாதமாக அது அடுப்பு மாதிரி கொதித்து, பாடத்தின் நடுவிலேயே அணைந்துகொண்டிருந்தது. இரண்டு பிள்ளைகள் டியூஷனைவிட்டு நின்றேவிட்டார்கள். வாரண்டியும் முடிந்துவிட்டது. முடிந்ததும் கெட்டுப்போகிற மாதிரியே செய்கிறார்கள் என்று செய்தவனைத் திட்டினேன். மெத்தைமேல் வைக்கிறாய் என்று அவளையும் திட்டினேன்.

"நான் எங்க மெத்தமேல வெச்சேன்? மேசமேலதான வெச்சிக்கினு பாடம் எடுக்கறேன்" என்றாள். நான் காதில் வாங்கவில்லை.

இனி கழற்றினால் வாரண்டி போய்விடுமே என்ற பயம் இல்லை. இன்று ஷிஃப்ட் முடிந்து வந்ததும் நானே கழற்றினேன். சூடான காற்று வெளியே வரும் சந்தில் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. ஃபேன் இறக்கையெல்லாம் குங்குமம்.

ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்தது நான்தான். ஒரகடம் கார் கம்பெனியில் கதவுகளில் கீறல், கறை பார்த்துப் பாஸ் செய்வது என் வேலை. மூடிமேல் வைத்தால் கறை படியும் என்று, அதே கவனத்தோடு ஓரமாகப் பார்த்து அப்பியிருக்கிறேன்.

பழைய டூத் பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். அவளிடம் சொல்லாமலே விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை, சாப்பிடும்போது சொல்லிவிட்டேன்.

வசந்தி கை கழுவிவிட்டு வந்து, லேப்டாப் மூடியை டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள், நான் கதவு பார்ப்பது போலவே.

"கறை ஒண்ணும் இல்ல. பாஸ் பண்ணிடலாம்" என்றாள்.