பொதிவாயனின் பட்டினி

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

நலம். படம் கிடைத்தது. உன் விலங்குக் காட்சிச்சாலைக் கண்ணாடித் தொட்டியில் என் பொதிவாயன் குளியலறை ஓடுபோலப் பளபளக்கிறான். யார் தேய்த்தது? இந்தப் பருவத்தில் அவன் மேல் வெண்படலம் படியும். அது அழுக்கில்லை, தோல். பின்னங்காலால் உரித்து அவனே தின்பான். சாதாரணத் தவளைதானே என்று நினைத்துவிட்டாய்.

உன் அத்தான் பதினோரு வருடம் வளர்த்ததில் மிஞ்சியது இந்த ஒரு ஜோடி. "கண்ணு மாதிரி பாத்துக்கறேன்க்கா" என்று வாங்கிப் போனாய். பத்தே நாளில், பெண் கல்லுக்கடியிலேயே கிடக்கிறது, வருகிறவர்கள் பார்க்க ஒன்றுமில்லை என்று, அளவு சேராத செருப்பைப்போலத் திருப்பி அனுப்பினாய்.

தேய்ப்பதை நிறுத்து.

அக்கா

ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு அறுபது ஆகப்போகிறது. மூன்றாம் வகுப்புப் பையனுக்கு எழுதுவதுபோல எழுதுகிறீர்கள். இங்கே மருத்துவர் இருக்கிறார். அது பூஞ்சை என்கிறார். பார்க்க வருகிறவர்களும், "செத்த மீன் மாதிரி இருக்கு சார்" என்கிறார்கள். தினமும் காலையில் மெல்லிய பிரஷ்ஷால் துடைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு வாரமாக அவன் சாப்பிடவில்லை. தொண்டை வீங்கியிருக்கிறது. திங்கட்கிழமை மருத்துவர் வாயைத் திறந்து பார்ப்பார். கவலை வேண்டாம்.

அன்புடன்
தம்பி

ஜூன் 10

இயக்குநர் அவர்களுக்கு,

தொலைபேசியில் அழைத்தேன். "சார் மீட்டிங்ல இருக்கார் பாட்டி" என்றார் உன் உதவியாளர். அதனால் எழுதுகிறேன்.

வாயைத் திறக்காதே. அது வீக்கமில்லை, முட்டைகள். முட்டையிட்டதோடு பெண் விலகிக்கொள்வாள். நாற்பது நாள் வாயில் சுமப்பவன் அவன்தான். அதுவரை இரை எடுக்கமாட்டான். முட்டைகளைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, உரியும் தோலை மட்டும் விழுங்குவான். அந்தச் சோற்றைத்தான் தினமும் பிரஷ் போட்டு வழித்துக் கொட்டுகிறாய். பசி முற்றினால் முட்டைகளையே விழுங்கிவிடுவான். அதோடு இந்த இனம் தீர்ந்தது.

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். நீ இரண்டையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து செய்கிறாய்.

அக்கா

ஜூன் 16

அக்கா,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமைதான் வந்தது. திங்கட்கிழமையே திறந்துவிட்டார்கள். இருபத்துமூன்று முட்டைகள். மருத்துவர் ஒரு தட்டில் போட்டு, "அடடா" என்றார். அவ்வளவுதான் அவர் வைத்தியம்.

எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுத் தட்டைத் தண்ணீரில் வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மத்தியானம்வரை அவன் அசையவில்லை. அப்புறம் வந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டான். ஒன்பதுதான். மற்றவை வெளுத்துவிட்டன.

உடம்பில் துளிப் படலம்கூட இல்லை. இன்னும் இருபத்தைந்து நாள் இருக்கிறது. என்ன கொடுக்கட்டும்? இயக்குநராகக் கேட்கவில்லை.

தம்பி

ஜூன் 17

தம்பி,

ஒன்றும் கொடுக்க முடியாது. கடையில் விற்கிற பண்டமில்லை அது.

ஆனால் அவன் வயிறு காயும்போது பெண்ணுக்கும் தோல் உரியும். அவன் பக்கத்தில் வந்து கழற்றிப் போடுவாள். உன் அத்தான் இதை இரண்டு தடவை பார்த்தார், நான் எட்டுத் தடவை. இங்கே என் குளியல்தொட்டியில் அவளுக்கு நேற்றே கழுத்தில் படலம் படிய ஆரம்பித்துவிட்டது. அவன் இல்லாவிட்டால் தானே தின்றுவிடுவாள்.

இதை ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன்; நாளைக் காலை ஈரத்துணி விரித்த வாளியில் அவனைக் கொண்டு வா. மருத்துவரைக் கூட்டி வராதே. அவர் அறிவை என் வீட்டுக்குள் வைக்க இடமில்லை.

அக்கா

ஜூலை 14

அன்புள்ள தம்பிக்கு,

நேற்றுக் காலை வாயைத் திறந்தான். ஆறு குஞ்சுகள். அரிசியளவுதான், ஆனால் நீந்துகின்றன. அவன் எலும்பும் தோலுமாக, இன்று ஒரு மண்புழு தின்றான்.

உன் மனுவைப் படித்தேன். நான்கு குஞ்சுகள் வேண்டும், பெரிய தொட்டி, பெயர்ப்பலகையில் அத்தான் பெயர், திறப்பு விழாவில் எனக்கு முன்வரிசை. தரமாட்டேன். உயிரோடு இருப்பதைவிடப் பார்க்க நன்றாக இருப்பது முக்கியமான இடத்தில் அவற்றுக்கு வேலையில்லை. அவனும் இங்கேயே இருப்பான்; ஆண் இறந்தது என்று உன் பதிவேட்டில் எழுதிக்கொள். உன் அலுவலகத்தில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

அன்று வாளியோடு வந்து, அவள் கழற்றிப் போட்ட தோலை அவன் தின்னும்வரை குளியலறைத் தரையில் நான்கு மணி நேரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாய். அறுபது வருடத்தில் நீ உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் தொட்டித் தண்ணீர் மாற்ற எனக்கு இடுப்பு ஒத்துழைக்கவில்லை. எட்டு மணிக்கு வா. ஒன்பதுக்கு வந்தால் கதவு திறக்காது.

அக்கா