உருளைக்கிழங்கு மாவில் அம்மா

பெடாஸ்,
14.3.1978

லண்டன் ஆஸ்பத்திரியையே தோளில் தாங்கி நிற்கும் தாதி, என் மருமகள் நீலாவதிக்கு, நெகிரி செம்பிலானிலேயே முதன்முதலாகக் கலர் போட்டோவில் நின்ற மாவீரனாகிய உன் மாமா எழுதுவது. இங்கு எல்லாரும் சுகம். உன் அத்தை மட்டும் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. காரணம் கீழே வருகிறது.

போன வாரம் ரப்பர் தோட்டத்துப் பழைய துரை பங்களாவை இடித்தார்கள். ஆபீசில் கணக்கெழுதும் கிராணி திருநாவுக்கரசு அங்கிருந்து ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே ஒரே ஒரு கண்ணாடித் தகடு. ஓரத்தில் ‘மயிலம்மாள், பால்வெட்டுக்காரி, 1920’ என்று இங்கிலீஷில் இருப்பதாக வாசித்துக் காட்டினார். என் அம்மா! நான் பிறந்த அன்றே போய்ச் சேர்ந்தவள். அவளுக்குப் படம் இருந்ததே யாருக்கும் தெரியாது.

தகடு அடுப்புக்கரி மாதிரி இருட்டு. உற்றுப் பார்த்தால் ஒரு பெண் நிற்பது நிழலாகத் தெரியும், அவ்வளவுதான். உன் அத்தை விடுவாளா? மாமியாரைச் சுவரில் மாட்டி, நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்தாள். பொட்டு கோணலாகிவிட்டதாம். ஈரத்துணியால் துடைத்து மறுபடி வைத்தாள்.

மறுநாள் சிரம்பானில் போட்டோக் கடை மணியத்திடம் கொண்டுபோனேன். அவன் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தான். அடி ஆத்தா! பச்சைப் பசேலென்று ரப்பர் மரங்கள், மாதுளம்பூ நிறத்தில் சேலை! பிரான்சு தேசத்தில் உருளைக்கிழங்கு மாவுக்கு மூன்று சாயம் ஏற்றி, கண்ணாடியில் தூவி, அதில் படம் பிடிப்பார்களாம். அந்தத் தகடு கப்பலேறி உலகமெல்லாம் போனதாம். நாம் கறி வைக்கிற கிழங்குலா! ஆள் சில வினாடி ஆடாமல் நிற்க வேண்டுமாம். அம்மாவுக்கு நிறைமாத வயிறு. ஆக, உள்ளே நானும் ஆடாமல் நின்றிருக்கிறேன். அதற்குப் பிறகு நான் சும்மா நின்றதாக இந்த மாநிலத்தில் ஒருவனும் சாட்சி சொல்ல மாட்டான்.

முகம் இருக்க வேண்டிய இடத்தில்தான் வெறும் கண்ணாடி. படத்தை மூடியிருந்த காப்புக் கண்ணாடி கழன்றிருந்ததால் மாவு ஈரத்துணியோடு போய்விட்டது என்றான் மணியம். அது பங்களா கரையான் வேலை என்று உன் அத்தையிடம் சத்தியம் பண்ணினேன். கண்ணாடி தின்கிற கரையானை அவள் நம்பவில்லை.

பெட்டி மூடியில் துரையின் சீமை விலாசம் இருக்கிறது. தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இந்த வகைப் படத்துக்குப் பிரதி கிடையாதாம். ஆனால் துரை ஒரே தகடோடு நிறுத்தியிருப்பாரா? லீவு நாளில் ரயிலேறிப் போய் அவர் பிள்ளைகளைக் கேட்டுப் பார். கிடைத்தால் துடைத்துவிடாதே. வெயில் இல்லாத ஊர், விளக்குக்கு நேரே பிடி. முகம் எப்படி என்று முதலில் உன் அத்தைக்கு எழுது. அவள் சாப்பிட வேண்டும். எனக்கு மெதுவாகச் சொன்னால் போதும். நான் ஐம்பத்தேழு வருஷம் காத்திருந்தவன்.

நீ நூறாண்டு நன்றாக இரு, தாயி.

உன் மாமா,
இராஜமாணிக்கம்