மூன்று இரவு என்று எழுதியவன்

தருமபுரி,
திருவள்ளுவர் ஆண்டு 2056, ஆடி 27.

அன்பும் மதிப்பும் நிறைந்த தங்கை அமுதவல்லிக்கு,

கதிரவன் வணங்கி எழுதுவது. கோவையில் புதிய பணியும் புதிய வீடும் உங்களுக்குப் பழகியிருக்கும் என நம்புகிறேன். இங்கே வானம் கறுப்பதும் வெளுப்பதுமாக ஏய்க்கிறது, மழை இல்லை. உங்கள் நலம் கேட்கும் தகுதியை நான் இழந்து ஐந்து மாதம் ஆகிறது. ஆயினும் நேற்று முற்பகல் நடந்ததை உங்களுக்கன்றி வேறு எவருக்கும் எழுத இயலவில்லை.

ஏரியூர்ப் பக்கத்துக் குள்ளம்மாளை நீங்கள் அறியமாட்டீர்கள். நம் உரிமைக் குழுவை விட்டு நீங்கள் சென்ற பிறகு வந்தவர். வீட்டு வேலை செய்த இடத்தில் சங்கிலி காணவில்லை என்று காவலர் அவரை மாலையில் அழைத்துச் சென்று, விடியும்வரை நிலையத்தில் வைத்திருந்து, இரண்டு உள்ளங்கைகளிலும் அடித்து அனுப்பியிருக்கின்றனர். சங்கிலி பிறகு அந்த வீட்டு அலமாரியிலேயே கிடைத்தது. அவரிடம் வருத்தம் தெரிவிக்க ஒருவரும் வரவில்லை.

மனித உரிமை ஆணையத்துக்கு முறையீட்டை நானே எழுதினேன். “மூன்று பகல், மூன்று இரவு, ஒரு தாய் இருட்டறையில் துடித்தாள்!” என்று தொடங்கினேன். கடத்தூர் மேடையில் அந்த வரியை முழங்கியபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ஓர் இரவு எனக்குப் போதவில்லை, தங்கையே. குள்ளம்மாளுக்கு அதை நான் படித்தும் காட்டவில்லை. நீங்கள் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிக் கைநாட்டு வைத்தார்.

நேற்று ஆணைய உறுப்பினர் இங்கு வந்து அமர்ந்து உசாவினார். காவலர் தரப்பு வழக்கறிஞர் ஓர் ஒளிப்படத்தை நீட்டினார். நூறு நாள் வேலையில் ஏரிக்கரையில் எடுத்த வருகைப் படம். விடுவித்த அதே காலை, ஒன்பதரை மணி. பெண்களின் வரிசையில் குள்ளம்மாள் நிற்கிறார். மூன்று நாள் அடைபட்டவர், அழைத்துச் சென்ற மறுநாளே மண் வெட்ட வந்தது எப்படி என்று வழக்கறிஞர் கேட்டார்.

எழுந்து பேச முயன்றேன். உறுப்பினர் என்னை அமரச் சொல்லி, எத்தனை இரவு என்று குள்ளம்மாளைக் கேட்டார்.

“ஒரு ராத்திரி தானுங்கய்யா. வெடிஞ்சதும் வுட்டுட்டாங்க. வேலைக்கி போவலன்னா அன்னைக்கி பேரு வுழாது, நேரா போய்ட்டன்.”

மூன்று என்று எழுதியிருக்கிறதே என்றார் உறுப்பினர்.

“அது அண்ணன் எழுதுனதுங்க. எனக்கு நடந்தத நான் சொல்றன்.”

அண்ணன் இன்னொரு மேடை ஏறியிருந்தால் ஒரு வாரம் ஆக்கியிருப்பார் என்றார் வழக்கறிஞர். அறையில் சிரிப்பு எழுந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் குள்ளம்மாள் என்னிடம் சினம் கொள்ளவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

“ஏனுங்கண்ணா, ஒரு ராத்திரின்னா கேக்க மாட்டாங்களா?”

அந்தக் கேள்வியிலிருந்து நான் இன்னும் எழவில்லை. பொழுது சாய்ந்த பின் ஒரு பெண்ணை நிலையத்தில் வைத்திருந்ததே சட்டத்துக்குப் புறம்பு. அந்த ஓர் இரவே போதுமானதாக இருந்தது. காவலர் அடித்த அடியைப் பொய் என்று ஊரை நம்பவைத்தவன் நான்.

அந்த ஒளிப்படத்தின் படியைக் கேட்டு வாங்கிவந்து பார்த்தேன். மற்றப் பெண்கள் மண்வெட்டியும் கூடையும் பிடித்திருக்கின்றனர். குள்ளம்மாளின் இரண்டு கைகளும் முந்தானைக்குள் இருக்கின்றன. அன்று அவர் பங்கு மண்ணை யார் அள்ளினார்கள், அந்தக் கைகளை யார் பார்த்தார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. நீங்கள் முதலில் அதைத்தான் கேட்டிருப்பீர்கள்.

புதிய வாக்குமூலம் அளிக்க உறுப்பினர் பதினைந்து நாள் தந்திருக்கிறார். ஆவணி பத்துக்குள் வராவிட்டால் முறையீடு தள்ளப்படும். பிறகு எந்தப் பெண்ணும் அந்தப் பக்கத்திலிருந்து நம்மிடம் வரமாட்டாள்.

பங்குனிக் கூட்டத்தில், மணியும் நாளும் குறித்து நீங்கள் எழுதிய தாளை உயர்த்திக் காட்டி, இது முறையீடா, மளிகைச் சீட்டா என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் மட்டும் தாளைத் திரும்ப வாங்கி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டீர்கள். அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் நான்கு முறை எழுதி நான்கு முறையும் அடித்துவிட்டேன். எழுதியதெல்லாம் மேடைப் பேச்சாகவே வந்தது.

எனவே வேண்டுவதை மட்டும் எழுதுகிறேன். ஒரு நாள் வாருங்கள். குள்ளம்மாள் சொல்லச் சொல்ல எழுதுங்கள். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவருடன் மண் வெட்டிய பெண்களையும் கேளுங்கள். நான் உடன் வரவேண்டாம் என்றால் வரமாட்டேன். வரலாம் என்றால் வாய் திறவாமல் இருப்பேன்.

நீங்களும் இல்லத்தாரும் நீடு நலமுடன் வாழ்க. என் பொருட்டு வராவிடினும், அந்த அம்மையின் பொருட்டு வருக.

உங்கள் மறுமொழிக்குக் காத்திருக்கும்,
கதிரவன்