லாபம், ரெண்டு, மூணு

1954 ஜூலை 5, திங்கள்

காலையிலிருந்து மழை. ஒன்றாம் வகுப்புத் தமிழ் டிவிஷனில் இன்று எல்லோரும் வந்திருந்தார்கள். மஞ்சாடி முத்துகளைப் பாயில் கொட்டி எண்ணச் சொன்னேன். விரலும் வாயும் சேர்ந்து போகவேண்டும், இந்த வயதில் கணக்கு என்பது அவ்வளவுதான். அதுதான் வருவதில்லை. விரல் இரண்டாவது முத்தில் நிற்கும், வாய் ஐந்துக்குப் போயிருக்கும். இன்னும் சிலர் ஒரே முத்தைச் சுற்றிச் சுற்றி எண்ணுகிறார்கள், முடிவே இல்லை.

அரிசிக்கடை பொன்னப்பனின் மகள் விஜயம்மா மட்டும் பிசகாமல் எண்ணினாள். ஆனால் தொடங்கியது, "லாபம், ரெண்டு, மூணு..." கடையில் முதல் நாழி அளக்கும்போது ஒண்ணு என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்பார்கள். எங்கள் அப்பாவும் நெல் அளந்தால் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் அது நடக்காது, ஒண்ணு சொல் என்றேன். நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லச் சொன்னதுபோல என்னைப் பார்த்தாள்.

ஜூலை 9, வெள்ளி

ஹெட்மாஸ்டர் ராபின்சன் சார் மத்தியானம் கூப்பிட்டார். அடுத்த மாதம் நெய்யாற்றின்கரையிலிருந்து பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருகிறாராம். இந்தத் தாலூகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லும் எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருக்கும் நேரத்தில் தமிழ் டிவிஷன் என்றாலே மேலிடத்துக்குக் கண் உறுத்துகிறது. அன்றைக்கு இருபது பிள்ளைகள் இருக்கவேண்டும், எண்ணவும் தெரியவேண்டும். இல்லையென்றால் வகுப்பை மலையாளத்தோடு சேர்த்துவிடுவார்கள். என் வேலையும் அதோடு போகும். மலையாளத்தில் மீன் வாங்குவேன், சண்டை போடுவேன். பாடம் எடுக்க வராது.

அந்த எரிச்சலோடு வகுப்புக்குப் போனேன். விஜயம்மா மறுபடியும் லாபம் என்றாள். அடிக்கோலால் விரலில் ஒன்று போட்டேன்.

ஜூலை 14

இப்போது இரண்டையும் சொல்கிறாள். "லாபம், ஒண்ணு, ரெண்டு, மூணு..." அப்பனுக்கும் குறைவைக்கவில்லை, எனக்கும் குறைவைக்கவில்லை. பத்து முத்து இருந்தால் ஒன்பது என்கிறாள். சரியாக எண்ணிக்கொண்டிருந்த பிள்ளை. எனக்கு இது தேவையா?

ஆகஸ்ட் 11, புதன்

மார்த்தாண்டத்தில் போராட்டக்காரர்கள்மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு என்கிறார்கள். புதுக்கடையிலும். எத்தனை பேர் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பள்ளியைப் பாதியில் விட்டாயிற்று. தம்பி கனகதாஸ் காலையில் அந்தப் பக்கம் போனவன், இன்னும் வரவில்லை. அம்மா ஜெபம் பண்ணிக்கொண்டே இருக்கிறாள். எனக்கு ஜெபம் வரவில்லை.

ஆகஸ்ட் 12

கனகதாஸ் வந்துவிட்டான். சட்டை முழுக்கச் சேறு. நானே துவைத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 18

பள்ளி திறந்தது. என் வகுப்பில் பாதிகூட இல்லை. தமிழ் டிவிஷனில் பிள்ளை இருந்தால் போலீஸ் வீடு தேடி வரும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறான். அவன் மட்டும் என் கையில் கிடைத்தால்...

இன்ஸ்பெக்டர் இருபத்தேழாம் தேதி வருகிறார். ராபின்சன் சார் தள்ளிவைக்கக் கேட்டுப் பார்த்தாராம். முடியாதென்று பதில்.

ஆகஸ்ட் 22, ஞாயிறு

ஆராதனை முடிந்து கோயில் விட்டதும் வீடு வீடாகப் போனேன். குன்னத்துகால் போகும் முக்கில் ஒரு போலீஸ்காரன் நிறுத்தினான். எங்கே என்றான். பிள்ளைகளுக்கு எண்ணப் படிப்பிக்கிற டீச்சர் என்றேன். குடைக்குள் ஏதாவது ஒளித்திருக்கிறேனா என்று விரித்துப் பார்த்துவிட்டுப் போகவிட்டான். அனுப்புகிறேன் என்று சொன்னவர்களும் கதவைப் பாதிதான் திறந்தார்கள்.

ஆகஸ்ட் 25

பத்தொன்பது பேர் தேறியாயிற்று. இன்னும் ஒரு பிள்ளை வேண்டும். மிச்சமிருப்பது விஜயம்மா. அவளை அனுப்பமாட்டேன் என்று பொன்னப்பன் இரண்டு முறை சொல்லியனுப்பிவிட்டார்.

சாயங்காலம் கடைக்கே போனேன். பாதிப் பலகை போட்டு வைத்திருந்தார். மலையாளத்தில் சேர்த்தால் ஒரு தொல்லையும் இல்லை என்றார். அதுவும் பொய்யில்லை. கெஞ்சினேன். கெஞ்சுவது எனக்கு வராது, ஆனாலும் கெஞ்சினேன். கடைசியில் நாழியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"அனுப்புதேன் டீச்சர். ஆனா லாபம்னு சொன்னதுக்குப் பிள்ளைய அடிச்சியள் இல்லியா, இனி அதச் சொல்லி அவளத் திருத்தப்பிடாது. இந்தக் கடையில முதல் நாழிய ஒண்ணுன்னு எண்ணினா யாவாரம் விளங்காது. கடை கிடக்குத கிடப்பப் பாத்தியள்லா."

சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 27, வெள்ளி

இன்று நடந்ததை எழுதிவிட்டால் தேவலை.

இருபது பேரும் வந்தார்கள். வாசலைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. விஜயம்மா கடைசியாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். நீ ஏன் மக்கா முன்னாலே போய் உட்கார்ந்தாய்? பின்னால் போ என்று சொல்வதற்குள் இன்ஸ்பெக்டர் உள்ளே வந்துவிட்டார்.

முத்துப் பெட்டியை அவர் தொடவே இல்லை. விஜயம்மாவை எழுப்பி, வகுப்பில் எத்தனை குட்டிகள் என்று எண்ணச் சொன்னார். தன்னை விட்டுவிட்டு எண்ணுவதுதான் இந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் செய்கிற தப்பு. அவள் அதைச் செய்யவில்லை. முதலில் தன் நெஞ்சைத் தொட்டாள். "லாபம்." பக்கத்தில் இருந்தவளைத் தொட்டாள். "ஒண்ணு." ஒரு பிள்ளையையும் விடாமல் தலையைத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்து சொன்னாள், பத்தொன்பது.

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். இன்னொரு தடவை எண்ணச் சொன்னார். இன்னொரு தடவையும் பத்தொன்பது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் வகுப்பு போகும். திறந்தால் கொடுத்த வாக்கு போகும். அவளைத் திருத்தமாட்டேன் என்றுதானே சொன்னேன்? அவரிடம் பேசமாட்டேன் என்று சொல்லவில்லையே.

"சார், அவ எண்ணினது செரி. முதல் நாழிய இங்க லாபம்னாக்கும் சொல்லுவாவ. நான் ஒண்ணு சொல்லுன்னு அடிச்சேன். பயந்து ரெண்டையும் சொல்லுதா."

அவர் மலையாளத்தில் கேட்டார், தப்பு என்று தெரிந்தும் ஏன் திருத்தவில்லை?

"திருத்தமாட்டேன்னு சொன்னதுக்குப் பிறகாக்கும் அவளுக்க அப்பன் அனுப்பினது. அவ வரலேண்ணா இன்னைக்குப் பத்தொன்பதுதான்."

ராபின்சன் சார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்ஸ்பெக்டர் தானே ஒவ்வொரு வரிசையாக எண்ணினார். எழுதினார். போகும்போது ராபின்சன் சாரிடம் சொன்னது இவ்வளவுதான்: குட்டிகள் இருபது உண்டு, எண்ணல் போரா, அடுத்த கொல்லம் நோக்காம். பிள்ளைகள் இருபது உண்டு, எண்ணுவது போதாது, அடுத்த வருஷம் பார்க்கலாம்; அதுவரை வகுப்பு தப்பியது.

அவர் போன பிறகு விஜயம்மா என் சேலையைப் பிடித்துக்கொண்டு, தப்பாச் சொன்னேனா டீச்சர் என்று கேட்டாள். அழுதுவிட்டேன். பிள்ளைகள் முன்னால் அழுதது இதுவே முதல் தடவை.

ஆகஸ்ட் 30

பொன்னப்பனிடம் போய், லாபத்துக்குப் பிறகு நேரே ரெண்டுதான் என்று நீரே அவளுக்குச் சொல்லும் என்றேன். கடையில் வைத்து நாலு நாழி அளந்து காட்டினாராம். இன்று பத்து முத்துக்குப் பத்து சொன்னாள். இப்போது வகுப்பு முழுக்க லாபம், ரெண்டு என்று கத்துகிறது. ராபின்சன் சார் கேட்டும் கேளாததுபோலப் போனார்.

1956 நவம்பர் 1, வியாழன்

விளவங்கோடு தமிழகத்தோடு அந்தப் பக்கம் போய்விட்டது. நெய்யாற்றின்கரையோடு நாங்கள் கேரளத்தில், இந்தப் பக்கம். கனகதாஸ் சோறு உண்ணவில்லை. அம்மா தட்டை மூடி வைத்திருக்கிறாள். யார்மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை.

1957 ஜூன் 3, திங்கள்

பள்ளி திறந்தது. மலையாளம் ஒன்றாம் வகுப்பில் இடம் போதாமல் வராந்தாவில் பெஞ்சு போட்டார்கள். போராட்டத்துக்குப் போனவர்களின் பிள்ளைகளும் அங்கேதான். குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை, நாளைக்கு வேலை தேடிப் போவது அந்தப் பிள்ளைகள்தான்.

என் அறையைப் பெருக்கி, பாயை விரித்து, முத்துப் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மணி அடித்து வெகுநேரம் கழித்து விஜயம்மா வந்தாள். நாலாம் வகுப்பு இப்போது, நன்றாக வளர்ந்துவிட்டாள். தங்கை சரசம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். "அப்பா சொன்னாவ, ஆனந்தபாய் டீச்சருட்டதான் எண்ணப் படிக்கணுமாம்."

ராபின்சன் சார் ரெஜிஸ்டரோடு வந்து வாசலில் நின்றார். உள்ளே பார்க்க அவருக்கும் மனசில்லை.

"எத்தன பேரு உண்டு டீச்சர்?"

சரசம்மாவின் தலையில் கைவைத்து, "லாபம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டு போனார். பள்ளி விடும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ரெண்டு வரவில்லை.