மேல் தட்டு எலிகள்

அன்புள்ள குட்டியின் அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் நலம். நீங்களும் உங்கள் கப்பலும் நலந்தானே? குட்டிக்குப் பல் முளைக்கிறது. என் விரலைக் கடித்துத்தான் செய்தி சொன்னாள். அவள் தூங்கிவிட்டாள், எனக்குத்தான் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

எங்கள் லேபில் சோதித்துவந்த குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்து நினைவிருக்கிறதா? எலிகளுக்குக் காய்ச்சல் வரவழைத்து, மருந்து கொடுத்து, சூடு இறங்குகிறதா என்று பார்ப்போம். பிரமாதமாக இறங்கியது. அடுத்த மாதம் குட்டி வயதுக் குழந்தைகளுக்கே கொடுத்துப் பார்ப்பதாக முடிவாகியிருந்தது.

போன வாரம் ஓர் எலியைத் தூக்கினேன். வால் ஐஸாக இருந்தது. குட்டியின் பாதம் சில்லிட்டிருக்கிறதா என்று நாளெல்லாம் தொட்டுப் பார்க்கிற கை, சும்மா இருக்குமா? நிமிர்ந்து பார்த்தேன். நேர் மேலே ஏசி. மருந்து கொடுத்த எலிகளின் கூண்டெல்லாம் அலமாரியின் மேல் தட்டில், கொடுக்காதவை கீழ்த் தட்டில். கலந்துவிடக் கூடாதென்று நாங்களே செய்துவைத்த ஒழுங்கு! சூட்டை இறக்கியது மருந்தா, ஏசியா?

டைரக்டரிடம் சொன்னேன். "பிள்ளை பெத்ததிலேர்ந்து உனக்கு எல்லாமே குளிருதும்மா. எலிக்கும் ஒரு ஸ்வெட்டர் பின்னிப் போடேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் விடவில்லை. "பின்னிடறேன் சார். அதுக்கு முன்னாடி தட்டை மட்டும் மாத்திப் பார்த்துடலாம்" என்றேன்.

மறுபடி சோதித்தோம். இன்று முடிவு வந்தது. மேலே போன எலிகளுக்கு மருந்தே இல்லாமல் சூடு இறங்கியிருக்கிறது! கீழே வந்தவை மருந்து குடித்தும் கொதிக்கின்றன. டைரக்டர் முடிவுத் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "நிறுத்துங்க. இது குழந்தைங்க பக்கம் போகக் கூடாது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நல்லவேளை, நீ வாயை மூடலை" என்றார். நடக்கையில் கால் தரையில் பாவவில்லை எனக்கு.

ஒன்றுதான் உறுத்துகிறது. முதல் சுற்றுச் சோதனையில் செத்த எலிகள் யாருக்கும் பிரயோஜனமில்லாமல் செத்திருக்கின்றன. "வாயில்லா ஜீவனைக் கொன்னு அப்படி என்னத்தைக் கண்டுபிடிக்கிறீங்க?" என்று நீங்கள் கேட்டது காதிலேயே இருக்கிறது. அதனால், குடுவையில் வளர்க்கும் செல்களை வைத்தே சோதித்துப் பார்க்கக்கூடிய எதற்கும் இனி எலியைத் தொடக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். டைரக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார்!

அந்த மருந்திலிருந்து தப்பிய, பெயர் தெரியாத குழந்தைகள் நன்றாக இருக்கட்டும். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள். இந்த முறை லீவைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டு வாருங்கள். ஜெயித்துவிட்டு வீடு வந்தாலும், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானேதான் சாவியைத் தேட வேண்டியிருக்கிறது.

என்றும் உங்கள்,
எலிக்காரி