ஆட்டுக் காசும் பன்றிக் காசும்

கென்டவ் நகரம்

என் செல்ல ஒட்டகக் குட்டி, மகள் குரலாய்க்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் பசுவும் கன்றும் சுகம், என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி. கடல்கடந்து பூசானில் நீ தலைமுதல் கால்வரை சுகமாயிருக்க அல்லாவை வேண்டிக்கொள்கிறேன். தொழிற்சாலையில் நேரத்துக்குச் சாப்பிடு.

விஷயத்துக்கு வருகிறேன், சுற்றி வளைத்தால் எனக்கே வழி தெரியாமல் போய்விடும். அம்மா போய் மூன்று வருடமாகிறது. பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் ஸௌரேயை உனக்குத் தெரியும், புருஷனை இழந்தவள். அவளைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறேன். உட்கார்ந்துதானே படிக்கிறாய்? அவள் ஆட்டு வருடத்தில் பிறந்தவள் என்று சொல்லியிருந்ததால், வங்கியில் ஆட்டு வருட வெள்ளிக் காசு ஒன்று வாங்கி, டீ குடிக்கும்போது கண்ணாடி டப்பியோடு கொடுத்து, கல்யாணத்துக்குக் கேட்டேன். பக்கத்தில் உன் அத்தை ஷார்பான். நம் ஆட்களிடம் பிறந்த வருடத்து மிருகத்தைச் சொன்னால் போதாதா, பன்னிரண்டு மிருகச் சுற்றை விரல் மடக்கி எண்ணி வயதை எடுத்துவிடுவார்களே! "நானும் ஆடுதான். அப்போ ஒண்ணு நீ என் வயசு, இல்லேன்னா பன்னெண்டு வயசு சின்னவ. எதுடி?" என்று பிடித்துக்கொண்டாள். ஸௌரே கோப்பையைக் கீழே வைத்து, "ரெண்டும் இல்லக்கா, நான் பன்றி. சொன்னா எல்லாரும் மூஞ்சியச் சுளிக்கிறாங்கன்னு சின்ன வயசுலேந்து ஆடுன்னே சொல்லிட்டேன்" என்று அழுதுவிட்டாள். அத்தை சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்று பாலாடைக் கிண்ணத்தில் விழுந்தது. காசைத் திருப்பித் தந்துவிட்டு ஸௌரே, "என் வருஷத்துக் காசு குடுங்க, வர்றேன். ஆனா உங்க மக சம்மதிக்காம வரமாட்டேன்" என்று சொல்லிப் போய்விட்டாள்.

மறுநாள் வங்கிக்குப் போனேன். வரிசையில் எனக்குப் பின்னால் நம் மசூதி இமாம். எனக்குத்தான் காது மந்தமாச்சே, ரகசியமாகக் கேட்பதாக நினைத்து "பன்றி இருக்கா?" என்று கத்தியிருக்கிறேன். "தீந்து போச்சுங்க ஐயா, குரங்கு வேணா தரட்டுமா?" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். அன்றிலிருந்து இமாம் என் சலாமுக்குத் தரையைப் பார்த்துப் பதில் சொல்கிறார்.

நீ வேலை பார்க்கும் ஊரில் பன்றி கனவில் வந்தாலே அதிர்ஷ்டம் என்று நீதானே சொன்னாய். அங்கே பன்றி வருடக் காசு கிடைக்கும். நீ அனுப்பினால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன். பார்சலின் மேல் வெள்ளி என்று மட்டும் எழுது, மிருகம் வேண்டாம், தபால்காரன் வாய் ஓயாதவன். உன் அம்மாவை நான் மறக்கவில்லை, குரலாய். தினமும் இரண்டு கோப்பை எடுத்து, ஒன்றைத் திரும்ப உள்ளே வைக்கிறேன், அதுதான் தாங்கவில்லை.

குளிருக்குக் குல்லா போடு. உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல துணையும் அமையட்டும். கோபம் வந்தால் திட்டி எழுது, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. காசு வராவிட்டால் ஸௌரேயிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், ஏன் என்று உன்னை ஒரு வார்த்தை கேட்கமாட்டேன்.

உன் அப்பா,
துர்சின்பெக்